முதுமையும் கஞ்சாவும்

வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்யும் முதியவர் ஒருவரை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ளலாம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. வன்னிப் பெருநிலத்து ஊர்களில் அவரைப் போன்றோர் பலர் உளர். குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற தந்தையோடு சிறுவனாக வந்து, காடு வெட்டி, வரம்பு கட்டி, யானையோடும் வரட்சியோடும் மல்லாடி முதுமை எய்தியவர் அவர். வயது எழுபத்தைந்தளவில் இருக்கும். முழங்கால் இரண்டும் நோகின்றன. 2009 ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காலோடு முடிந்த போரில் இழந்தவர்களின் நினைவு இரவில் உறக்கத்தைக் கலைக்கின்றது. இரத்த அழுத்தத்துக்கும் சலரோகத்துக்கும் மாதந்தோறும் கிளினிக்கிற்குச் சென்று குளிசை எடுக்கின்றார்.

ஒருநாள் மாலை, அறிந்தவர் ஒருவர் சிறு பொட்டலமொன்றைக் கொடுத்து, “இதைக் கொஞ்சம் சர்க்கரையோடை சேர்த்துச் சாப்பிடுங்கோ அண்ணை, கால்நோவும் போகும், நித்திரையும் வரும். மூலிகைதானே!” என்கின்றார். முதியவருக்கு அது புதிய பொருளன்று. இளந்தாரிக் காலத்தில், சூடு மிதிக்கும் இரவுகளிலே, கூட்டாளிகளோடு இரண்டொரு தடவை புகைத்தது நினைவிருக்கின்றது. அன்று ஒன்றும் நேரவில்லை. ஆகவே அச்சமின்றி ஓர் உருண்டையை உண்கின்றார். ஒரு மணி நேரம் கழிந்தும் யாதொரு மாற்றமும் தெரியவில்லை. இன்னுமோர் உருண்டையை உண்டுவிட்டுப் படுக்கின்றார். நடுச்சாமத்தில் எழுந்து வெளியே போக முயலும்போது கண் இருள்கின்றது, கால் தடுமாறுகின்றது, முற்றத்தில் விழுகின்றார். இடுப்பெலும்பு முறிகின்றது. வயது போன மனிதர் இருட்டில் தடுக்கி விழுந்துவிட்டார் என்று வைத்தியசாலையிலே வீட்டார் சொல்கின்றனர். பொட்டலத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

இது விளக்கத்தின் பொருட்டு எடுத்துக்கொண்ட கற்பனை நிகழ்ச்சியே. எனினும் இதில் வரும் ஒவ்வொரு படியும் உடலில் உண்மையாகவே நிகழக்கூடியது. இளமையில் ஒன்றுஞ் செய்யாத பொருள் முதுமையில் மனிதரை வீழ்த்துவது ஏன்? பொருள் மாறியதா, மனிதர் மாறினாரா? விஞ்ஞானம் இவ்வினாவுக்கு இன்று ஓரளவு தெளிவாகவே விடை கூறுகின்றது. பொருளும் மாறியிருக்கலாம், மனிதரோ அதனினும் பெரிதும் மாறியிருக்கின்றார்.

கஞ்சா தமிழ் மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செடி. சித்த வைத்தியம் அதனைக் கோரக்கர் மூலி என்றும் சிவமூலி என்றும் பெயரிட்டு வழங்கும். இலங்கையிலே மதன மோதகம் போன்ற சுதேச மருந்துகளில் அஃது ஒரு கூறாகச் சேர்ந்து வந்துள்ளது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதியின்றி அதனை வளர்த்தலும் வைத்திருத்தலும் விற்றலும் குற்றமாகும். சுதேச வைத்தியர்கள் மருந்து செய்வதற்கு மட்டும் உரிய அனுமதியோடு பெறுவதற்கு இடமுண்டு.

வன்னியில் இன்று கமுக்கமாகக் கைமாறும் பொருளோ பரியாரியாரின் மருந்துப் பெட்டியிலிருந்து வருவதன்று. பாக்கு நீரிணையைப் படகிற் கடந்து, “கேரள கஞ்சா” என்னும் பெயரோடு வந்திறங்குவது அது. மன்னார் முதல் முல்லைத்தீவு வரையுள்ள கரையோரங்களிலும், கிளிநொச்சியூடாகச் செல்லும் ஏ-9 வீதியிலும் கடற்படையினரும் பொலிஸாரும் அதனைக் கைப்பற்றும் செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வெளியாகின்றன. அப்பொதியிலே மருந்தின் அளவு எழுதியிருப்பதில்லை. எவ்வளவு வீரியமுள்ளது, எதனோடு கலந்தது என்பதைக் கொடுப்பவரும் அறியார், கொள்பவரும் அறியார். செடியின் வீரியம் காலத்தோடு மாறியும் இருக்கின்றது. அமெரிக்காவிலே பொலிஸார் கைப்பற்றிய கஞ்சாவை ஆண்டுதோறும் சோதித்தபோது, போதை தரும் கூறு 1995 இல் நூற்றுக்கு 4 பங்களவில் இருந்து, 2014 இல் நூற்றுக்கு 12 பங்களவுக்கு உயர்ந்திருக்கக் காணப்பட்டது. ஆதலின், இளமையில் அறிந்த கஞ்சாவே இன்று கையில் இருப்பதும் என்று எவரும் துணிந்து கூற முடியாது.

இச்செடியை மேனாட்டு வைத்தியம் ஆராயத் தொடங்கியது இந்திய மண்ணிலேதான். கல்கத்தாவில் பணியாற்றிய ஓஷோனசி என்னும் ஐரிஷ் வைத்தியர் 1839 ஆம் ஆண்டில், முதலில் விலங்குகளிலும் பின்னர் நோயாளரிலும் அதனைப் பரீட்சித்து, வாதநோய், ஏற்புவலி முதலியவற்றில் அதன் பயனை எழுதினார். பின்னர் பிரித்தானிய இந்திய அரசாங்கம் 1893 இல் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. மிதமாகக் கொள்வோரில் பெருந்தீங்கு காணப்படவில்லை எனவும், மிகையாகக் கொள்வோருக்குக் கேடு விளைகின்றது எனவும் அக்குழு 1894 இல் அறிக்கை செய்தது. மிதம் எது, மிகை எது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதிலும் ஒரே ஆளுக்கே வயதுக்கு வயது வேறுபடும் என்பதுதான் இங்கே கருதத்தக்கது.

1964 ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டு விஞ்ஞானிகளான மெசூலமும் காவோனியும் கஞ்சாவின் போதைக் கூற்றைத் தனியே பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ரி.எச்.சி. என்பர். இச்சிறு கூறு மூளையில் எங்கே சென்று பற்றுகின்றது என்ற வினா எழுந்தது. 1988 இல் மூளையிலே அதற்குரிய ஏற்பிகள் இருப்பது தெரியவந்தது. பூட்டுக்குத் திறப்புப் போல ஏற்பிக்கு ரி.எச்.சி. பொருந்துகின்றது. ஆனால் மனித மூளை கஞ்சாவுக்காகவா பூட்டொன்றை அமைத்து வைத்திருக்கும்? 1992 இல் விடை கிடைத்தது. மூளை தானே சுரக்கும் ஒரு பொருள் அதே பூட்டைத் திறப்பது கண்டறியப்பட்டது. அதற்கு ஆய்வாளர் இட்ட பெயர் ஆனந்தமைட் என்பதாகும். ஆனந்தம் என்னும் வடசொல்லையே அவர்கள் எடுத்தாண்டனர். பசி, நோவு, நினைவு, உறக்கம், அச்சம் ஆகியவற்றை மூளை அளவோடு வைத்திருப்பதற்கு இந்த இயற்கைப் பொருள் துணை செய்கின்றது. கஞ்சா வெளியிலிருந்து வந்து அதே இடத்தில் அமர்ந்து, அளவின்றி அதிகாரஞ் செலுத்துகின்றது.

இவ்வேற்பிகள் நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியிலும், உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையிலும் மிகுதியாக உள. மூச்சை நடத்தும் அடிமூளையில் மிகக் குறைவு. அபினை மிகையாக உண்டவர் மூச்சு நின்று இறத்தல் போலக் கஞ்சாவை உண்டவர் இறப்பது அரிது என்பதற்குக் காரணம் இதுவே. இதனைக் கொண்டு, கஞ்சாவால் தீங்கே இல்லை என்று சிலர் வாதிப்பர். மூச்சு நிற்பதில்லை என்பது மெய்தான். ஆனால் முதியவரை வீழ்த்துவதற்கு மூச்சு நிற்க வேண்டியதில்லை. சிறுமூளை தடுமாறினாலே போதும்.

இனி முதுமையில் உடல் எவ்வாறு மாறுகின்றது என்பதைப் பார்க்கலாம். இளம் ஆணின் உடல் நிறையில் நூற்றுக்கு 60 பங்களவு நீர். முதுமையில் அது 50 பங்களவுக்குக் குறைகின்றது. தசையும் குறைகின்றது; அதன் இடத்தைக் கொழுப்புப் பிடித்துக் கொள்கின்றது. மெலிந்து தோன்றும் முதியவரிலும் இம்மாற்றம் உண்டு. ரி.எச்.சி. நீரிற் கரையாதது, கொழுப்பிற் கரைவது. வன்னியின் களிமண் வயல் மாரிமழையை உறிஞ்சி வைத்துக் கொண்டு, மழை விட்டபின்னும் நெடுநாள் ஈரமாயிருப்பது போல, கொழுப்பு மிகுந்த உடல் இப்பொருளை உறிஞ்சி வைத்துக் கொண்டு பல நாட்களாகச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகின்றது. நேற்று உண்டது இன்று தீர்ந்துவிட்டது என்று முதியவர் எண்ணுவார்; உடலிலோ அது தீர்ந்திராது. இன்றைய உருண்டை நேற்றைய மிச்சத்தோடு கூடும்.

அடுத்தது ஈரல். உடலுட் புகுந்த அன்னியப் பொருளை மாற்றி வெளியேற்றும் வேலை பெரும்பாலும் ஈரலுக்குரியது. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நீர் நிறைந்தாலும், துருசு திறக்கும் அளவே வாய்க்காலில் நீர் ஓடும். முதுமையில் ஈரலுக்கு ஓடும் இரத்தம் இளமையில் இருந்ததைவிட மூன்றிலொரு பங்களவு குறைகின்றது. துருசு பாதி துருப்பிடித்தாற் போன்ற நிலை அது. உள்ளே வரும் பொருள் அதே அளவுதான். வெளியேறும் வேகமோ குறைந்துவிட்டது.

மூன்றாவது இதயமும் இரத்தக் குழாய்களும். கஞ்சா உட்சென்றதும் இதயத் துடிப்பு விரைவடைகின்றது; இரத்தக் குழாய்கள் விரிகின்றன. படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது இரத்தம் இயல்பாகவே கால்களை நோக்கி இறங்கும். கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள நரம்புகள் அதனை உணர்ந்து, குழாய்களைச் சுருக்கி, மூளைக்கு இரத்தம் குறையாமற் காக்கும். இளைஞரில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். முதியோரில் இக்காவல் ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றது. இரத்த அழுத்தத்துக்கான குளிசை அதனை மேலும் தளர்த்தும். இவற்றோடு கஞ்சாவும் சேரும்போது எழுந்த மாத்திரத்தில் கண் இருள்வதும், கால் மடிவதும் வியப்பன்று. மேலும், 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாரடைப்பு நோயாளரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று, கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காகின்றது எனக் கண்டது. இளைஞருக்கு இயல்பான ஆபத்து மிகச் சிறிது. ஆதலின் ஐந்து மடங்கானாலும் சிறிதே. எழுபது வயதினருக்கோ அடிப்படை ஆபத்தே பெரிது. அதனை ஐந்தால் பெருக்கிப் பார்த்தல் வேண்டும்.

புகைத்தலுக்கும் உண்ணுதலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே கூறுதல் வேண்டும். புகைத்தால் சில நிமிடங்களில் மூளைக்கு எட்டிவிடும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் தணியும். உண்டால் குடலில் ஊறி, ஈரலுக்குச் சென்று, அங்கே மூளைக்குள் எளிதாகப் புகக்கூடிய வேறொரு வடிவம் பெற்று, அதன் பின்னரே வேலை செய்யத் தொடங்கும். அதற்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை செல்லும். அதன் உச்சம் மேலும் தாமதித்து வரும். தணிவதற்கு எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். முதியவர் ஒரு மணி நேரம் பொறுத்திருந்து இரண்டாவது உருண்டையை உண்டது இதனை அறியாமையால். முதல் உருண்டை வேலை செய்யத் தொடங்குமுன்னரே இரண்டாவதும் சென்று சேர்ந்துகொண்டது. இரண்டின் வேகமும் கூடிய வேளை நடுச்சாமமாயிற்று.

உடலின் செய்தி இவ்வளவு. மனத்தின் செய்தி இதனினும் நுட்பமானது. கஞ்சா உண்ட இளைஞன் ஒருவன் சற்றுநேரம் பேச்சை மறப்பான், சிரிப்பான், பின்னர் தெளிவான். அவனுடைய மூளையில் இழப்பை ஈடுசெய்யும் வலிமை மிகுதி. முதியவரின் மூளை அவ்வளவு கையிருப்பு உடையதன்று. குறுகியகால நினைவும் கவனமும் ஏற்கெனவே மெல்லத் தளர்ந்திருக்கும் நிலையில், சிறு தாக்குதலும் பெரிதாகத் தோன்றும். இடம் தெரியாமை, நாள் தெரியாமை, வீட்டாரையே அடையாளம் காணாமை, இல்லாததைக் காணல், காரணமற்ற பேரச்சம் ஆகியன தோன்றலாம். போர்க்காலத்து ஓசைகளைச் சுமந்து வாழும் மனங்களில் அவ்வச்சம் எவ்வடிவம் எடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வாறு சில மணி நேரத்துள் திடீரெனத் தோன்றும் குழப்பம் வேறு. ஆண்டுக் கணக்கில் மெல்ல வளரும் மறதி நோய் வேறு. முன்னையதற்குக் காரணம் கண்டு நீக்கினால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். வீட்டார் காரணத்தை மறைத்துவிட்டால், வயது போனால் இப்படித்தான் என்ற முடிவுக்கு ஊரும் உறவும் வந்துவிடும்.

இதற்கு மாறான செய்தியொன்றும் உலகில் உலவுகின்றது. கஞ்சா கிழமூளையை இளமையாக்கும் என்று சிலர் எடுத்துரைப்பதன் பின்னணி இது. 2017 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொன் நகரப் பல்கலைக்கழகமும் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஆய்வாளர்கள், முதிய எலிகளுக்கு மிகச் சிறு அளவில் ரி.எச்.சி.யை ஒரு மாதம் வரை கொடுத்தனர். அவ்வெலிகள் வழியை நினைவில் வைத்தல் முதலிய சோதனைகளில் இளம் எலிகளைப் போன்று தேறின. அதே மருந்தைப் பெற்ற இளம் எலிகளோ முன்னிலும் பின்னடைந்தன. முதிய மூளையிலே இயற்கையான ஆனந்தப் பொருளின் ஓட்டம் குறைந்திருப்பதால், சிறிதளவு வெளியுதவி அதனை நிரப்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. வயது மாறினால் மருந்தின் விளைவும் மாறும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் எலியில் கண்டது மனிதரிலும் அப்படியே நிகழும் என்பதற்கு உறுதியில்லை. கொடுக்கப்பட்டது ஆய்வுசாலையில் அளந்த மிகச் சிறு துளி. பொட்டலத்தில் வரும் அளவன்று. மனிதரைப் பொறுத்தவரை நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வொன்று உண்டு. அவர்கள் 45 வயதை அடைந்தபின் 2022 இல் வெளியான முடிவின்படி, நெடுங்காலம் தொடர்ந்து கஞ்சா கொண்டவர்களின் அறிவுத்திறன் எண், சிறுவயதில் இருந்ததைவிடச் சராசரி 5 புள்ளிகளுக்கு மேல் குறைந்திருந்தது. நடுவயதிலேயே கையிருப்புக் குறைந்தவர் முதுமையை எவ்வாறு எதிர்கொள்வார் என்பது சிந்திக்கத்தக்கது. மறதி நோயாளரின் மனக்கிளர்ச்சியைத் தணிக்கும் நோக்கோடு நெதர்லாந்தில் சிறு அளவில் ரி.எச்.சி. கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. வெறும் போலிக் குளிசையைவிட அது மேலான பயன் எதையும் தரவில்லை.

நோவுக்கு அது மருந்தாகாதா என்று கேட்கலாம். 2017 இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் வெளியிட்ட பேரறிக்கை, வளர்ந்தோரின் நாட்பட்ட நோவுக்கும், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்திக்கும் பயன் உண்டு என்பதற்குக் கணிசமான சான்று இருப்பதாகக் கூறியது. 2021 இல் நோவைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம், சான்று போதாமையால் நோவுக்கு அதனைப் பொதுவாக அங்கீகரிக்க முடியாது என்றது. ஆகவே பயனே இல்லை என்று மறுப்பதற்கும் இல்லை; கண்கண்ட மருந்து என்று புகழ்வதற்கும் இல்லை. அனுமதியுள்ள நாடுகளில் முதியோருக்கு அதனைக் கொடுக்கும் வைத்தியர்கள், 2.5 மில்லிகிராமோ அதனினும் குறைவோ ஆன அளவில் தொடங்கி, பல நாள் பொறுத்துப் பார்த்தே அளவை மாற்றுகின்றனர்.

மற்றக் குளிசைகளோடு அது கூடும் விதமும் கவனிக்கத்தக்கது. கிளினிக் கொப்பியில் பல மருந்துகள் எழுதப்பெற்ற முதியோர் பலர் உளர். அவற்றுட் பலவற்றைச் சிதைக்கும் அதே ஈரற் சாறுகளே கஞ்சாவின் கூறுகளையும் சிதைக்கின்றன. ஒற்றைத் துருசினூடாக இரண்டு குளத்து நீரும் ஓட வேண்டி வந்தாற் போல, ஒன்று மற்றொன்றைத் தடுக்கின்றது. இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கப்படும் வார்பரின் என்னும் மருந்து இவ்விதம் இரத்தத்தில் தேங்கி, இரத்தப் பெருக்கை உண்டாக்கலாம். நித்திரைக் குளிசையும் சாராயமும் கஞ்சாவோடு சேர்ந்தால் மயக்கம் ஒன்றுக்கொன்று துணையாகிப் பெருகும்.

இதுவரை கூறியவை சட்டத்துக்கு மறைவாக நடக்கும் இடங்களுக்கு மட்டும் உரியவை என்று கருத வேண்டாம். வன்னியின் முதியோர் பலருக்குப் பிள்ளைகள் கனடாவில் இருக்கின்றனர். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று ரொறன்ரோவுக்குச் சென்று தங்குவோரும் உளர். கனடா 2018 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17 ஆந் திகதி கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. 2020 இன் தொடக்கத்தில், ஒன்ராறியோ மாகாணக் கடைகளில் கஞ்சா சேர்ந்த இனிப்புகளும் விற்பனைக்கு வந்தன. ஒரு பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் ரி.எச்.சி. இருத்தலாகாது என்ற விதியும் அங்கே உண்டு. அவ்வளவு ஒழுங்கு இருந்தும் நேர்ந்தது யாது? 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கஞ்சா நஞ்சேறி ஒன்ராறியோவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த வீதம், சட்டம் மாறியபின் ஏறத்தாழ இரண்டு மடங்காகவும், இனிப்புகள் விற்பனைக்கு வந்தபின் முன்னைய காலத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்காகவும் உயர்ந்தது என 2024 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சிலர் மருந்தென்று உண்டனர். சிலர் சாதாரண இனிப்பென்று எண்ணி உண்டனர். பேரன் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்த இனிப்புக்கும் கடையில் வாங்கிய சாதாரண இனிப்புக்கும் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. எழுத்தை வாசிக்க முடியாத பாட்டிக்கு அது முற்றாகவே தெரியாது. ஆகையால் அத்தகைய பொருள் உள்ள வீட்டார் அதனைப் பூட்டி வைத்தல் முதற் கடமையாகும்.

வயதை நோக்கி மருந்தை அளத்தல் என்பது மேனாட்டார் புதிதாகக் கண்ட கருத்துமன்று. நோயாளியின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் கருதியே மருத்துவன் செயற்படல் வேண்டும் எனத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் வற்புறுத்துகின்றது. சித்த வைத்தியம் ஆயுளை மூன்று கூறாக்கி, முதற் கூற்றை வாதத்துக்கும், நடுக் கூற்றைப் பித்தத்துக்கும், இறுதிக் கூற்றைக் கபத்துக்கும் உரியதாகக் கொண்டு, அதற்கேற்ப மருந்தும் பத்தியமும் வகுக்கும். நச்சுத்தன்மை உள்ள சரக்கைச் சுத்தி செய்யாமல் மருந்திற் சேர்த்தல் அந்நூல்களுக்கு உடன்பாடன்று. “மூலிகைதானே” என்ற ஒரு சொல்லைக் கூறி அளவும் சுத்தியும் இல்லாத பொருளை முதியவர் கையிற் கொடுப்பவர், மேனாட்டு வைத்தியத்தை மட்டுமன்று, தம் முன்னோரின் வைத்தியத்தையும் அவமதிக்கின்றார்.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக அபாயமானது வீட்டாரின் மௌனம். கஞ்சா என்ற சொல்லைச் சொன்னால் மானம் போகும், பொலிஸ் வரும் என்ற அச்சத்தால் குடும்பங்கள் வாய் மூடுகின்றன. வைத்தியர் கேட்பது குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்கன்று, மருந்தைத் தெரிந்தெடுப்பதற்கு. இடுப்பெலும்பை ஒட்டுவதற்குச் சத்திரசிகிச்சை வேண்டியிருந்தால், மயக்க மருந்து கொடுப்பவர் அதன் அளவைத் தீர்மானிப்பதற்கு இச்செய்தி இன்றியமையாதது. இரத்த அழுத்தக் குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதும், குழம்பிய மனத்துக்கு மறதி நோய் என்று பெயரிடுவதா அல்லது இரண்டு நாள் பொறுத்திருப்பதா என்பதும் இச்செய்தியைப் பொறுத்தவை. வெளியே சொல்லப்படாத ஓர் உருண்டைக்காக, வேண்டாத மருந்துகள் பல முதியவரின் உடலில் ஏற்றப்படக் கூடும். நெடுநாள் வழக்கமாகக் கொண்டவர் திடீரென நிறுத்தினால் சில வாரங்களுக்கு உறக்கமின்மையும் எரிச்சலும் தோன்றும் என்பதையும் வீட்டார் அறிந்திருத்தல் நல்லது. அதனையும் வைத்தியரிடம் கூறியே கடத்தல் வேண்டும்.

முதியவர் அப்பொட்டலத்தை நாடியதற்குக் காரணம் என்ன என்பதையும் மறத்தலாகாது. அவர் போதையைத் தேடவில்லை. முழங்கால் நோவுக்கும் உறக்கமில்லாத இரவுக்குமே பரிகாரம் தேடினார். கிளினிக்கிலே வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் கொப்பியை நீட்டி, குளிசையை வாங்கிக்கொண்டு திரும்பும் அவசரத்தில், இரவில் நித்திரையில்லை என்று அவர் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. வீட்டில் உள்ளவர்களும், அவர் மகன் எந்நாட்டில் இருந்து தொலைபேசியில் பேசினாலும், “சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா” என்றே கேட்டனர். நோவுக்கு ஒத்தடமும் தசையை வலுவாக்கும் பயிற்சியும் உண்டு; துயரால் வரும் உறக்கமின்மைக்கு மனநல வைத்தியரின் உதவி உண்டு; அந்தி வேளையில் அருகிலிருந்து கதை கேட்கும் பேரப்பிள்ளை எம்மருந்துக்கும் குறைந்ததன்று. இவற்றுள் எதுவும் அவரைத் தேடி வருமுன்னர் பொட்டலம் வந்துவிட்டது.

ஆகவே நேயர்கள் இன்றிரவு தத்தம் வீட்டு முதியோரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். “இராவிலை நித்திரை வருகுதா?” என்பதே அது. அவர் கூறும் விடையை, அதில் வெட்கப்படத்தக்கது ஏதேனும் இருந்தாலும், அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு சேர்த்து வைத்தியரிடம் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.